பிக்கப் வண்டியில் அமெச்சூர் வானொலி நிலையம்

புயலோ நிலநடுக்கமோ ஒரு பிரதேசத்தைத் தாக்கும்போது முதலில் அறுபடுவது பெரும்பாலும் செய்தித் தொடர்பேயாகும். மின்சாரம் நின்றதும் கைப்பேசிக் கோபுரங்கள் தத்தம் பாட்டரிகளைக் கொண்டு சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பின்னர் அவையும் ஓய்ந்துவிடும். கோபுரமே சாயாது நின்றாலும், அதனைப் பிற ஊர்களுடன் பிணைக்கும் கேபிள் அறுந்துபோயின் அதனால் பயனில்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நேர்ந்தது இதுவே. அச்சமயம் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் அம்மையாரின் தலைமையில் ஒரு குழுவினர் போர்ட் பிளேயரில் தங்கி, உலகெங்கிலுமுள்ள அமெச்சூர்களுடன் வானொலி மூலம் தொடர்பு கொள்ளும் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருந்தனர். அலைகள் தாக்கிய பின்னர், அதே கருவிகள் தீவிலிருந்தோரின் நலத்தை வெளியே அறிவிக்கும் சாதனங்களாக மாறின. 1999 ஆம் ஆண்டு ஒரிஸ்ஸாவைத் தாக்கிய பெரும்புயலின்போதும், 2001 ஆம் ஆண்டு குஜராத் நிலநடுக்கத்தின்போதும் அமெச்சூர் வானொலியினர் இத்தகைய பணியாற்றியுள்ளனர்.

அமெச்சூர் வானொலி, அல்லது வழக்கில் 'ஹாம்' வானொலி, என்பது தனிமனிதர் தேர்வெழுதி, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெற்று, தமக்கென ஓர் அழைப்புக் குறியுடன் நடத்தும் நிலையம். இந்தியாவில் இக்குறிகள் பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். வீட்டில் அமைந்த நிலையம் வீட்டு மின்சாரத்தை நம்பியிருப்பது. வண்டியில் அமைந்த நிலையமோ தன் மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்வது. தேவைப்படும் இடத்திற்கு அது தானே செல்லவும் வல்லது. வெளிக்களப் பணியாளர் நாடெங்கும் பயன்படுத்தும் பிக்கப் வண்டி இதற்கு மிகவும் ஏற்றது. அதில் இத்தகைய நிலையத்தை அமைக்கும் முறையை இங்கே காண்போம்.

வண்டியில் வானொலி பொருத்துவது என்றவுடன் எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்வியே எல்லோர் மனத்திலும் எழுகிறது. உண்மையில் கருவியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இன்று கிடைக்கும் கருவிகளில் அனுப்பும் பகுதியும் ஏற்கும் பகுதியும் ஒரே பெட்டியில் அடங்கியுள்ளன; அவற்றுள் பெரும்பாலானவை நன்றாகவே வேலை செய்கின்றன. நிலையத்தின் வெற்றியும் தோல்வியும் பெட்டிக்கு வெளியேயுள்ள இரண்டு பாதைகளைப் பொறுத்தவை. ஒன்று, பாட்டரியிலிருந்து மின்னோட்டம் வந்து திரும்பும் பாதை. மற்றொன்று, ஏரியலில் பாயும் வானொலி மின்னோட்டம் திரும்பிவரும் பாதை. மின்னோட்டம் போவதற்கு வழி செய்தவர்கள் அது திரும்புவதற்கு வழி செய்ய மறந்துவிடுவதுதான் வண்டிகளில் நேரும் பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம்.

பாட்டரியிலிருந்து கருவி வரை

பிக்கப் வண்டிகளில் பொதுவாக 12 வோல்ட்டு பாட்டரியே உள்ளது. இயந்திரம் நின்றிருக்கையில் நன்கு ஊட்டம் பெற்ற பாட்டரியின் முனைகளில் 12.6 வோல்ட்டு இருக்கும். இயந்திரம் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதனை ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட்டு வரை உயர்த்தும். வண்டிக்கென அமைந்த வானொலிக் கருவிகள் 13.8 வோல்ட்டுக்கு வகுக்கப்பட்டவை. அதற்கு மேலும் கீழும் நூற்றுக்குப் பதினைந்து வரை அவை பொறுத்துக்கொள்ளும். அஃதாவது, 11.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேச்சு சிதையும், அல்லது கருவி தானே அணைந்துவிடும்.

நூறு வாட்டு அனுப்பும் சிற்றலைக் கருவி ஒன்று பேசும்போது 20 ஆம்பியர் வரை இழுக்கிறது எனக் கொள்வோம். பாட்டரியிலிருந்து இருக்கை வரை கம்பியின் நீளம் 4 மீட்டர். போகவும் வரவுமாக 8 மீட்டர். வீட்டு மின்விளக்குகளுக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.013 ஓம்; எட்டு மீட்டருக்கு 0.1 ஓமைச் சற்றுத் தாண்டும். ஓம் விதிப்படி 20 ஆம்பியருக்கு வழியிலேயே 2 வோல்ட்டுக்கு மேல் இழக்கிறோம். பாட்டரியில் 12.6 இருந்தும் கருவிக்குக் கிட்டுவது பத்தரை வோல்ட்டே. அன்றியும், 40 வாட்டு வெப்பம் அக்கம்பியிலேயே உண்டாகிறது. ஈயம் பற்றவைக்கும் கருவி ஒன்றை இருக்கைக்கு அடியில் கிடத்தியது போலத்தான் இது. கம்பியை 6 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் இழப்பு அரை வோல்ட்டாகக் குறைகிறது. செலவில் சில நூறு ரூபாய் வேறுபாடு. பயனில் பேசும் நிலையத்திற்கும் ஊமை நிலையத்திற்கும் உள்ள வேறுபாடு. பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர்கள், மாணவர்களைக் கொண்டே ஒரு சாதாரண மல்ட்டிமீட்டரால் பாட்டரியின் முனையிலும் கருவியின் முனையிலும் அளந்து காட்டச் செய்யலாம். புத்தகத்து ஓம் விதியைக் காட்டிலும் அது மனத்தில் நிற்கும்.

சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து மின்சாரம் எடுப்பது பலருடைய வழக்கம். அத்துளைக்குச் செல்லும் கம்பி மெல்லியது. அதன் பியூஸும் பொதுவாக 10 அல்லது 15 ஆம்பியருக்கே உரியது. கையடக்கக் கருவியின் பாட்டரிக்கு ஊட்டமேற்ற அது போதும். 50 வாட்டுக் கருவிக்கு அது போதாது. பாட்டரியிலிருந்தே தனிக் கம்பி இழுத்தல் வேண்டும்.

பியூஸ் இருக்கவேண்டிய இடம் கருவியின் அருகில் அன்று. பாட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திற்குள். இதன் காரணம் எளிது. கருவியின் அருகிலுள்ள பியூஸ் கருவியைக் காக்கும். ஆனால் இடையிலுள்ள நான்கு மீட்டர் கம்பியைக் காப்பது எது? என்ஜின் அறைக்கும் காபினுக்கும் இடையிலுள்ள இரும்புத் தகட்டின் துளை வழியே கம்பி செல்கிறது. தகட்டின் விளிம்பு கத்தி போன்றது. மேடு பள்ளமான சாலையில் ஓராண்டு குலுங்கினால் கம்பியின் உறையை அது அறுத்துவிடும். அவ்வாறு நேர்ந்தால் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களை அவ்வழியே செலுத்தும். கம்பி பழுத்து, வண்டி தீப்பற்றும். எனவே துளையில் ரப்பர் வளையம் கட்டாயம் பொருத்தவேண்டும். கம்பியை நெளிவுக் குழாயினுள் செலுத்தி, வெப்பமான குழாய்களையும் அசையும் பகுதிகளையும் தொடாதவாறு கட்டவேண்டும். காற்றுப்பை உள்ள வண்டிகளில் அது விரியும் வழியில் கருவியையோ கம்பியையோ வைத்தல் கூடாது.

இனி, திரும்பும் கம்பி. முன்னாளில் எதிர்முனைக் கம்பியையும் பாட்டரியின் முனையிலேயே நேராக இணைத்து, அதிலும் ஒரு பியூஸ் வைப்பது முறையாக இருந்தது. அதற்குக் காரணம் உண்டு. என்ஜினையும் சேஸிஸையும் பாட்டரியுடன் இணைக்கும் தடித்த பட்டை துருப்பிடித்து அறுந்துபோனால், வண்டியைக் கிளப்பும் மோட்டாரின் பெருமின்னோட்டம் திரும்புவதற்கு வேறு வழி தேடும். அவ்வாறு தேடுகையில் வானொலிக் கருவியின் எதிர்முனைக் கம்பியே அதற்கு அகப்படக்கூடும். இன்றைய வண்டிகள் பலவற்றில் எதிர்முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் உணர்கருவி ஒன்று அமைந்துள்ளது. அதனைத் தாண்டி நேராக முனையில் இணைத்தால், வண்டியின் கணிப்பொறி பாட்டரியின் நிலையைத் தவறாகக் கணக்கிடும். ஆகவே பாட்டரியின் எதிர்முனைக் கம்பி வண்டியின் உடலில் எங்கே திருகப்பட்டுள்ளதோ, அந்த இடத்திலேயே வானொலியின் எதிர்முனைக் கம்பியையும் திருகுவது இப்போது சாலச் சிறந்தது.

பெரிய லாரிகளில் இரண்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டு பெறுகின்றனர். அவற்றுள் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டு எடுப்பது தவறு. ஒன்று வற்றவும் மற்றொன்று மிகையாக ஊட்டம் பெறவும் நேர்ந்து, இரண்டும் விரைவில் கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் மாற்றி ஒன்றை வாங்கிப் பொருத்துவதே வழி.

ஏரியலும் அதன் மறுபாதியும்

ஏரியல் நிறுவுவது பற்றிப் பேசுமுன் ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டியிருக்கிறது. 'எர்த்' என்பதைப் 'பூமி இணைப்பு' என்று மொழிபெயர்ப்பது நூல்களில் வழக்கம். வீட்டு மின்சாரத்திற்கு அது பொருந்தும். வண்டியோ நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல் நிற்பது. அதற்கும் பூமிக்கும் கம்பித் தொடர்பு ஏதுமில்லை. வண்டி மின்பணியாளர்கள் கூறும் 'பாடி எர்த்' என்ற சொல்லே, இலக்கணத்திற்கு ஒவ்வாததாயினும், பொருளைச் சரியாகக் காட்டுகிறது. வண்டியின் உலோக உடலே இங்கே பூமி.

நேராக நிற்கும் கால் அலைநீளக் கம்பி ஒன்று ஏரியலின் பாதி மட்டுமே. மறுபாதி, அதன் அடியில் பரந்து கிடக்கும் உலோகத் தகடு. கண்ணாடியின் மேல் பென்சிலை நிறுத்தினால் கீழே அதன் பிம்பம் தெரிவது போல, தகடு இல்லாத பாதியைத் தந்து ஏரியலை முழுமையாக்குகிறது. அமெச்சூர்களுக்கு இந்தியாவில் ஒதுக்கப்பட்டுள்ள 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் அலைநீளம் 2 மீட்டரைச் சற்றே தாண்டும். கால் அலைநீளக் கம்பி நடைமுறையில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர். இதற்கு நாற்புறமும் அரை மீட்டர் உலோகம் இருந்தால் போதும். காபினின் கூரை அளவெடுத்தாற்போல் இதற்குப் பொருந்துகிறது. கூரையின் நடுவே ஏரியலை நிறுவினால் எல்லாத் திசைகளிலும் அலை சமமாகப் பரவும்.

கூரையைத் துளைக்க மனம் வராமல், பின்தொட்டியின் ஒரு மூலையில் ஏரியலைப் பொருத்திவிடுபவர் பலர். இது இருவகையில் தவறு. மூலையில் நிற்கும் ஏரியலுக்கு ஒரு பக்கம் மட்டுமே உலோகம் இருப்பதால் அலை கோணலாகப் பரவும். முன்புறத்தைக் காபின் மறைத்துக்கொள்ளும். இதைவிட முக்கியமானது மனிதரின் பாதுகாப்பு. சரக்கு ஏற்றுவோரும் இறக்குவோரும் தொட்டியின் ஓரத்தைப் பிடித்தே ஏறுகின்றனர். ஐம்பது வாட்டு பாய்ந்துகொண்டிருக்கும் ஏரியலைத் தொட்டவர் கையில் ஆழமான தீப்புண் ஏற்படக்கூடும். கூரையிலுள்ள ஏரியலுக்குக் கிளைகளும் தாழ்வான வாயில்களும் பகை என்பது உண்மையே. அடிப்பாகத்தில் சுருள்வில் உள்ள ஏரியல் மோதினால் வளைந்து நிமிரும். துளையிடவே கூடாத அரசாங்க வண்டிகளில் காந்த அடிப்பாகத்தைப் பயன்படுத்தலாம். வண்ணப்பூச்சுக்கு மேலிருக்கும் காந்தமும் கீழிருக்கும் தகடும் ஒரு மின்தேக்கியைப் போல இயங்கி, 145 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைக் கடத்திவிடும். காந்தத்தின் அடியில் மணல் சேராதவாறு துடைப்பது அவசியம்.

சிற்றலைக்கு வரும்போது நிலைமை வேறு. 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் பத்து மீட்டருக்கு மேல்; அத்தகைய கம்பியை எந்த வண்டியும் சுமக்காது. இரண்டரை மீட்டர்க் கம்பியில் ஒரு சுருளைச் சேர்த்து, மின்னியலாக அதனை நீட்டுகின்றனர். ஆனால் சுருள் நீளத்தைத் தருமேயன்றித் திறனைத் தராது. இவ்வளவு குட்டையான கம்பியின் அலைவீசும் தடை ஓரிரண்டு ஓம்களே. சுருளிலும் வண்டிக்கு அடியிலுள்ள மண்ணிலும் வீணாகும் தடையோ பத்து ஓமுக்குக் குறையாது. நூறு வாட்டு செலுத்தினால் வானில் செல்வது பெரும்பாலும் பத்து வாட்டுக்கும் கீழே. இந்நிலையில் வண்டியின் உடலில் இழக்கப்படும் ஒவ்வொரு ஓமும் கணக்கில் வரும்.

பிக்கப் வண்டியின் தனித்தன்மை இங்கேதான் குறுக்கிடுகிறது. கார் ஒன்றின் உடல் ஒரே உலோகக் கூடு. பிக்கப்பிலோ காபின், பின்தொட்டி, சேஸிஸ் ஆகிய மூன்றும் தனித்தனி. காபின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்துள்ளது; தொட்டி சில மரையாணிகளால் பிணைக்கப்பட்டு, அவற்றினிடையே வண்ணப்பூச்சும் துருவும் மண்டிக்கிடக்கின்றன. பானெட்டும் கதவுகளும் கீல்களில் தொங்குகின்றன. கண்ணுக்கு ஒரே வண்டியாகத் தோன்றுவது வானொலி மின்னோட்டத்திற்கு நான்கைந்து தீவுகள். இவற்றை அகன்ற செப்புப் பின்னல் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைக்கவேண்டும். ஏன் அகன்ற பட்டை, தடித்த கம்பி போதாதா எனலாம். உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் மேற்பரப்பிலேயே ஓடும் இயல்புடையது. 7 மெகாஹெர்ட்ஸில் செம்பினுள் அது இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே உட்பருமன் வீண், பரப்பே பயன்தருவது. அன்றியும், பட்டை குட்டையாக இருத்தல் வேண்டும். இணைக்கும் இடங்களில் வண்ணத்தைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரியச் செய்து, பல் உள்ள வளையமிட்டு இறுக்கி, அதன் பின்னர் கிரீஸ் தடவவேண்டும். சுரண்டாமல் இறுக்கிய பட்டை வெறும் அலங்காரமே.

இரைச்சல்

பெட்ரோலிலோ அழுத்திய இயற்கை வாயுவிலோ ஓடும் வண்டிகளில் தீப்பொறி ஒவ்வொன்றும் ஒரு சிறு வானொலி நிலையம். டீசல் வண்டிகளில் தீப்பொறி இல்லை. ஆயினும் எரிபொருளைத் தெளிக்கும் மின்னணு அமைப்புகள் இக்காலத்து டீசல் இயந்திரங்களில் வந்துவிட்டமையால் அவையும் முற்றிலும் அமைதியானவை அல்ல. இயந்திரத்தின் வேகத்தோடு ஏறியிறங்கும் சீழ்க்கை ஒலி கேட்டால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். சோதிக்கும் முறை எளிது: ஏரியல் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் மறைந்தால் அது வான் வழியே வருவது. அதற்கு மருந்து மேற்கூறிய பட்டைகள். மறையாவிடின் அது மின்கம்பி வழியே வருவது. அதற்குக் கருவியின் அருகே பெரைட் வளையத்தில் கம்பியைச் சில சுற்றுகள் சுற்றுவது மருந்து. ஏரியலைக் கழற்றியிருக்கும்போது ஏற்பது மட்டுமே. மறந்தும் அனுப்பும் பொத்தானை அழுத்தலாகாது. மின்சாரத்தால் ஓடும் சரக்கு வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள்களை நெருங்கவே கூடாது. அவை உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் உடையவை. அவ்வண்டிகளிலும் துணைக்கு 12 வோல்ட்டு பாட்டரி உண்டு.

ஓடும்போதும் நின்றபின்பும்

145 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. இரண்டு மீட்டர் உயரத்திலுள்ள ஏரியலுக்கு வானொலி அடிவானம் சமதரையில் 6 கிலோமீட்டர். எனவே இரு வண்டிகள் தம்முள் பேசிக்கொள்ளும் எல்லை அதிகமாய்ப் போனால் 12 கிலோமீட்டர். ஆனால் சுற்றுப்புறத்தைவிட 900 மீட்டர் உயர்ந்த மலையில் ரிப்பீட்டர் எனும் மறுஒலிபரப்பு நிலையம் இருந்தால், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வண்டியும் அதன் வழியே பேசலாம். அந்த மலைநிலையம் புயலில் சாய்ந்தால்? அப்போதுதான் சிற்றலை தேவைப்படுகிறது.

இங்கே பலரும் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. வண்டியின் நெட்டுக்குத்தான ஏரியல் அடிவானத்தை ஒட்டியே அலையை வீசும். நேர் மேலே ஏறக்குறைய ஒன்றும் செல்லாது. ஆனால் 50 முதல் 300 கிலோமீட்டருக்குள்ளிருக்கும் மாவட்டத் தலைநகரை எட்டவேண்டுமாயின், அலை செங்குத்தாக மேலெழுந்து அயனி மண்டலத்தில் பட்டு மழைபோல் கீழே பொழியவேண்டும். ஆகவே வண்டி நின்றதும் அதன் ஏரியலை மறந்துவிடுவதே நல்லது. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு இருபுறமும் பத்துப் பத்து மீட்டராக இருபது மீட்டர் கம்பியும், நடுவில் இணைத்த கேபிளும், இரண்டு மூங்கில் கழிகளும் இருந்தால், நான்கைந்து மீட்டர் உயரத்தில் கட்டிய அக்கம்பி, விலையுயர்ந்த வண்டி ஏரியலைவிடப் பன்மடங்கு சிறந்த பணி செய்யும். பகலில் இந்த அதிர்வெண் உதவும். இரவில் அயனி மண்டலம் மெலிவதால் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க நேரும், கம்பியும் இருமடங்கு வேண்டும். வண்டியின் இருக்கைக்குப் பின்னே அக்கம்பிச் சுருள் எப்போதும் இருக்கட்டும்.

நின்ற வண்டியில் பாட்டரி எத்துணை நேரம் தாங்கும்? 75 ஆம்பியர்-மணி பாட்டரியில் மூன்றிலொரு பங்கை, அஃதாவது 25 ஆம்பியர்-மணியைச் செலவிடலாம். மேலும் எடுத்தால் இயந்திரத்தைக் கிளப்ப இயலாது போகக்கூடும். ஐம்பது வாட்டுக் கருவி கேட்கையில் 0.7 ஆம்பியரும் பேசுகையில் 11 ஆம்பியரும் இழுப்பதாகக் கொண்டால், பத்தில் ஒரு பங்கு நேரம் பேசுபவருக்கு அது 14 மணி நேரத்திற்கு வரும். பாதி நேரம் பேசிக்கொண்டேயிருப்பவருக்கு நான்கு மணி நேரமே. சுருங்கப் பேசுதல் இங்கே நாகரிகம் மட்டுமன்று. இயந்திரத்தைக் கிளப்பும் கணத்தில் கருவி அணைந்திருக்கவேண்டும். அக்கணத்தில் மின்னழுத்தம் சடுதியில் தாழ்ந்து எழுவது கருவிக்குத் தீங்கு.

சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். உரிமம் உடையவரும் தம் நிலையத்தை வண்டியில் இயக்குவதற்கு அவ்வுரிமம் இடமளிக்கிறதா என்பதை முதலில் படித்தறிதல் வேண்டும். அலுவலக அலைவரிசையாக அமெச்சூர் வானொலியைப் பயன்படுத்த இயலாது. வாணிபச் செய்திகளுக்கும் அதில் இடமில்லை. இயற்கைச் சீற்றங்களின்போது சிவில் அதிகாரிகளுக்கான செய்திகளைக் கொண்டுசெல்வதே அதன் பொதுப்பணி. வண்டி ஓட்டுகையில் கையில் பிடித்துப் பேசும் சாதனங்களைப் பயன்படுத்துவது, மோட்டார் வண்டிச் சட்டத்தின் 184 ஆம் பிரிவில் 2019 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி அபாயகரமான ஓட்டுதலில் அடங்கும். ஆதலின் மைக் ஓட்டுநரின் கையில் அன்று, அருகில் அமர்ந்திருப்பவர் கையில் இருக்கவேண்டும்.

எல்லாம் பொருத்தி முடிந்தபின், ஏரியலிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதை நிலையலை விகித மீட்டரால் அளக்கவேண்டும். 1.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நன்று. 3 ஆக உயர்ந்தால் இக்காலக் கருவிகள் பல தம்மைக் காத்துக்கொள்ளத் திறனைத் தாமே குறைத்துக்கொள்ளும். முதல் நாள் அளவை ஓர் அட்டையில் தேதியுடன் எழுதிக் கருவியின் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் மறுமுறை அளந்து, 1.3 என்றிருந்தது 2.5 ஆகியிருந்தால், புதிய ஏரியல் வாங்கக் குறிப்பு அனுப்புமுன் கூரையின் மேலுள்ள இணைப்பைக் கழற்றி, கேபிளின் பின்னலுக்குள் நீர் புகுந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியாயின் நனைந்த பகுதியை வெட்டிவிட்டு, புதிய இணைப்பி பொருத்தி, ரப்பர் நாடா சுற்றினால் போதும்.